சில்வர் ஓக் வேப்பிலை

வீடில்லாதவர்களைத் தேடிப் போகும் வேலையில் முதல் சங்கடம் என்ன தெரியுமா? தட்டுவதற்குக் கதவு இருக்காது. நான் தகர டின்னைத் தட்டியிருக்கிறேன். சாக்குப் படுதாவுக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமியிருக்கிறேன். ஓடாமல் கிடந்த லாரியின் பக்கப் பலகையைத் தட்டி, "ஏனுங்க, உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கூப்பிட்டிருக்கிறேன். உள்ளேயிருந்து "யாரது?" என்று அதிகாரமாக ஒரு குரல் வரும். குடியிருப்பது லாரியில் என்றாலும் வீட்டுக்காரி வீட்டுக்காரிதான். அந்தக் கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்லத் தெரியாதவர்கள் இந்த வேலைக்கு வரவே வேண்டாம்.

போன வாரம், பயிற்சிக்கு வந்திருக்கிற உங்களில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள், "அம்மா, நாம பார்க்கப் போற குடும்பம் நம்மகிட்டயே பொய் சொன்னா என்ன செய்யறது?" என்று. முதலில் அந்தப் பொய் நன்றாக இருக்கிறதா என்று பார் என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை எழுதி வைத்தால்தான் உங்களுக்குப் புரியும்.

எழுபதுகளில் எனக்கு சர்க்கார் நர்ஸ் வேலை, மூணாறு பக்கம் சித்திரபுரத்துக்கு மேலே, தேயிலை எஸ்டேட்டுகளில். நான் கீழே சமவெளியில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண். பனைமரமும் கடலைக்காடும் வெயிலும் பார்த்து வளர்ந்தவள். மலைக்குப் போன புதிதில் என் "வாங்க போங்க" பேச்சைக் கேட்டு எஸ்டேட் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பார்கள். அவர்களுடைய தாத்தாக்கள் திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஏறி வந்தவர்கள். இவர்கள் மலையிலேயே பிறந்தவர்கள். இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எஸ்டேட்டில் வீடு என்பது வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவது. வரிசையாக அறைகள் கட்டியிருப்பார்கள், லயம் என்று பெயர். செக்ரோல் என்கிற ஆள்கணக்கில் பேர் இருந்தால் லயத்தில் அறை உண்டு. பேரை வெட்டினால் அறை இல்லை. பேச்சிமுத்து என்பவன் தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது சரிவில் உருண்டு காலை முறித்துக்கொண்டான். நெடுநாள் வேலைக்குப் போக முடியவில்லை. பேரை வெட்டினார்கள். அவனும், மனைவி முருகாயியும், மகள் செல்லக்கிளியும் சட்டி பானையோடு வெளியே வந்தார்கள்.

கோடைக்காலம் முழுக்க அவர்கள் குடியிருந்தது ஓர் இரும்புக் குழாயில். ஏதோ வேலைக்கு இறக்கி, மிச்சமாகிச் சாலையோரம் கிடந்த குழாய். குனியாமல் உள்ளே போகலாம். முருகாயி ஒரு முனையில் அடுப்பும் மறுமுனையில் படுக்கையும் வைத்து அதைச் சுத்தமாகத்தான் வைத்திருந்தாள். ஒரே குறை, உள்ளே ஒருவர் தும்மினால் ஏழு பேர் தும்மியது போலக் கேட்கும். பேச்சிமுத்து குறட்டை விட்டால் மனைவிக்கும் மகளுக்கும் தூக்கம் கிடையாது. அங்கேதான் முருகாயிக்கு ஆறாவது மாசம் என்று கண்டுபிடித்தேன். செல்லக்கிளியின் விரலிடுக்கில் சொறி இருப்பதையும் பார்த்தேன்.

ஜூன் மாதம் மழை பிடித்தது. அந்த மலையில் மழை என்றால் வானத்துக்கும் பூமிக்கும் தறி போட்டது போல இருக்கும். குழாய்க்குள் ஓடை ஓடியது. நான் மறுபடி போனபோது குழாய் காலி. விசாரித்ததில், கடைசி லயத்தில் பூட்டிக் கிடந்த ஓர் அறைக்குள் புகுந்துவிட்டார்கள் என்றும், வெளியேற்றுவதற்கு, ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி கிளம்பிவிட்டார் என்றும் தெரிந்தது. நானும் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முருகாயிக்கு நிறைமாதம். அந்த மழையில் வெளியே தள்ளினால் பிள்ளையைத் தேயிலைச் செடிக்கடியில்தான் பெற வேண்டும். அப்படிப் பிறந்து, ஈரத்திலேயே போய்விட்ட ஒரு குழந்தையை முந்தின வருஷம்தான் நான் பார்த்திருந்தேன். இன்னொன்றைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

சுடலைமுத்துக் கங்காணி என்றால் பிள்ளைகள் அழுகையை நிறுத்தும். கம்பளிக்கோட்டு, குரங்குக் குல்லாய், பெரிய கறுப்புக் குடை. ஒரு மலையில் நின்று அதட்டினால் அடுத்த மலையில் கொழுந்து கிள்ளுகிறவள் கை வேகமாக ஓடும். அப்படிப்பட்டவர் அந்த அறைக்கு முன்னால், வாசலுக்குப் பத்தடி தள்ளி, பேசாமல் நின்றுகொண்டிருந்தார். லயத்துச் சனமெல்லாம் அவருக்குப் பின்னால்.

"என்னாச்சுங்க கங்காணி ஐயா?"

"என்னத்தச் சொல்ல நர்ஸம்மா. புள்ளைக்கு ஆத்தா வந்திருக்காளாம். முத்துப் போட்டிருக்காம். நிலையில பாருங்க."

பார்த்தேன். நிலைப்படிக்கு மேலே தழை கொத்துக் கொத்தாகக் கட்டியிருந்தது. அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை கட்டுவது வழக்கம். கட்டிவிட்டால், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வெளியாள் யாரும் படியேறக் கூடாது, அந்த வீட்டு ஆள் படியிறங்கக் கூடாது. கலெக்டரே வந்தாலும் வாசலோடு சரி.

ஆனால் கட்டியிருந்தது வேப்பிலை இல்லை. சில்வர் ஓக். தேயிலைக்கு நிழலுக்காக வைப்பார்களே, அந்த மரம். அதன் இலையும் பல் பல்லாக வெட்டுப்பட்டிருக்கும். ஆனால் காற்றடித்துத் திரும்பினால் அடிப்பக்கம் சாம்பலாக மினுங்கும். வேப்பமரத்தடியில் தொட்டில் கட்டி வளர்ந்தவள் நான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த உயரத்தில், அந்தக் குளிரில், வேப்பமரம் வளரவே வளராது. மலையிலேயே பிறந்த பேச்சிமுத்து, திருவிழாவில் பூசாரி கையில் பார்த்த இலையை ஞாபகத்தில் வைத்து, கிட்டத்தட்ட அது போல இருந்ததைப் பறித்துக் கட்டிவிட்டான்.

உள்ளே போனேன். எங்கள் வேலையில் இருக்கிறவர்களுக்கு மட்டும் ஆத்தாவிடம் அனுமதி உண்டு என்று சனங்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். செல்லக்கிளி கம்பளிக்குள் கிடந்தாள். முகமெல்லாம் சிவப்புப் புள்ளி. மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துத் தீக்குச்சியால் வைத்தது. அளவெடுத்து வைத்தது போல வரிசையாக இருந்தன. கையிலும் காலிலும் ஒன்றும் இல்லை. கேட்டால், "அதுக்குள்ள கங்காணி வந்துட்டாரும்மா" என்றாள் முருகாயி. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அது வேப்பிலை இல்லைங்க" என்றேன் பேச்சிமுத்துவிடம் மெதுவாக.

"இலை பச்சையா இருந்தாப் போதாதாம்மா? நம்ம கஷ்டம் ஆத்தாளுக்குத் தெரியாதா?"

ஆத்தாளுக்குத் தெரியும். எங்கள் ஹெல்த் இன்ஸ்பெக்டருக்குத் தெரியாதே. அந்த வருஷங்களில் பெரியம்மையை நாட்டை விட்டே துரத்துவதென்று அரசாங்கம் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தது. எங்கேயாவது ஒரு பிள்ளை முகத்தில் கொசு கடித்துத் தடித்திருந்தாலும் ஜீப் வந்துவிடும். அம்மை என்று நான் சொன்னால் அது பச்சைப் பொய். மலைக்கே ஊசி போட ஆள் திரட்டுவார்கள், அப்புறம் என் வேலையும் போகும். அம்மை இல்லை என்று சொன்னால், வெளியே பத்தடி தள்ளி நிற்கிற மனிதர் இந்த நிமிஷமே மூன்று பேரையும் மழையில் இறக்குவார். யோசிக்க எனக்குக் கிடைத்த அவகாசம், அறைக்குள்ளிருந்து வாசலுக்கு வந்து சேரும் நேரம்தான். அது சின்ன அறை.

வாசலில் நின்று கேட்டேன். "கங்காணி ஐயா, இது அம்மைன்னு உங்களுக்குச் சந்தேகமுங்களா?"

"சந்தேகம் என்ன சந்தேகம், பாத்தாலே தெரியலையா?"

"அப்படிச் சந்தேகம் இருந்தா, பெரிய டாக்டர் ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து பாக்கற வரைக்கும் வீட்டுல இருக்கறவங்க வெளிய வரக் கூடாதுங்க. வாசல்ல காவல் போடோணும். அது எங்க ரூலுங்க."

நான் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. சந்தேகம் அவருக்கு, ரூல் அரசாங்கத்துக்கு, எனக்கு ஒன்றும் இல்லை.

"காவலுக்கு யாரைப் போடுறது?"

"பொறுப்பான ஆளா இருக்கோணும். இந்த லயத்துல உங்களை விட்டா வேற யாருங்க?"

கங்காணி என்னை ஒரு தரம் பார்த்தார், இலையை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு, குடையை விரித்து, வாசலில் உட்கார்ந்தார். வெளியே தள்ள வந்த மனுஷன், யாரும் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள உட்கார்ந்தார். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். சம்பள உயர்வு கொடுக்க வேண்டிய புத்தி என்று நினைத்தேன்.

இன்ஸ்பெக்டருக்கு அன்றே மூணாறுக்கு ஆள் அனுப்பித் தகவல் சொன்னேன். மறைத்து வைத்தால்தான் வில்லங்கம். ஜீப் வொர்க்‌ஷாப்பில் கிடக்கிறது, சரியானதும் வருகிறேன் என்று பதில் வந்தது. அவர் வந்ததும் தனியே கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுவது என்று வைத்திருந்தேன். அதற்குள் செல்லக்கிளியின் சொறிக்கு மருந்து பூசலாமே என்று ஆரம்பித்தேன். வெள்ளையாக ஒரு மருந்து, பட்ட இடம் பற்றி எரியும். அந்தப் பெண் போட்ட கூச்சலில் லயத்தில் யாருக்காவது மிச்சம் மீதி சந்தேகம் இருந்திருந்தாலும் தீர்ந்துபோயிற்று. ஆத்தா உக்கிரமாக வந்திருக்கிறாள் என்று பெண்கள் குலவையிட்டார்கள். கூழ் வந்தது, வாழைப்பழம் வந்தது, அடிமாலியிலிருந்து இளநீர்கூட வந்தது. குழாயில் இருந்தவரை அவர்களுக்கு யாரும் ஒரு வாய் கஞ்சி கொடுத்ததில்லை என்பதை நான் இப்போதும் கோபத்தோடுதான் நினைக்கிறேன். பெரியம்மை கண்ட பிள்ளை நாளுக்கு நாள் கன்னம் உப்பிக்கொண்டு வந்தாள்.

முத்துகளும் ஓர் இடத்தில் நிற்கவில்லை. வியர்வையில் அழிந்துபோகும், முருகாயி புதிதாக வைப்பாள். நேற்று இடது கன்னத்தில் இருந்தது இன்று மூக்குக்கு வந்திருக்கும். இதையெல்லாம் கவனிக்க வேண்டிய காவல்காரரோ, நிலைப்படிக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே உட்கார்ந்திருந்த நோயாளியோடு தாயம் ஆடிக்கொண்டிருந்தார். கட்டத்தைப் படிமேல் கரியால் கீறியிருந்தார்கள்.

"ஏய் கள்ளி, அஞ்சு விழுந்துட்டு ஆறு நகத்துத!"

"ஆத்தா சொன்னா, நகத்துன்னு."

"ஆத்தா சொன்னாளா? அப்பச் சரி."

அவர் ஜெயித்து நான் பார்த்ததே இல்லை.

ஒரு காலையில் ஜீப் சத்தம் கேட்டது. நான் அப்போது மேட்டு லயத்தில் ஒரு கிழவனுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் இன்ஸ்பெக்டர் இறங்கி நேராக வாசலுக்குப் போய்விட்டார். மலையாளி, கண்டிப்பானவர். வேப்பங்குச்சியில் பல் தேய்த்து வளர்ந்த சமவெளிக்காரர். அவர் தலையை நிமிர்த்தி நிலையைப் பார்த்தார். சரி, முடிந்தது கதை என்று நானும் நிமிர்ந்து பார்த்தேன்.

அசல் வேப்பிலை. இளந்தளிரும் காயுமாக, கசப்பு வாசனையோடு, கனமாகத் தொங்கியது. முந்தின நாள் சாயங்காலம் வரை சில்வர் ஓக் இருந்த இடம் அது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டேன். எனக்குப் பக்தி கொஞ்சம் குறைவுதான். அன்றைக்கு மட்டும் கை தானாகக் கும்பிட்டது.

அம்மை சாமி இல்லை, கிருமி என்று எங்களுக்கு ஒவ்வொரு கூட்டத்திலும் பாடம் நடத்துகிற இன்ஸ்பெக்டர், பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். செல்லக்கிளி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தனக்குத் தெரிந்த மட்டும் முனகினாள். அவர் ஒரு முத்தைத் தொட்டார். முத்து அவர் விரலோடு வந்துவிட்டது. விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. அந்த நேரம் பார்த்து சுவரோரத்திலிருந்து "அம்மா!" என்று ஒரு அலறல். முருகாயிக்கு விடியலிலேயே வலி எடுத்திருக்கிறது. ஜீப் வருகிறது என்று தெரிந்ததும், சத்தம் போட்டால் காரியம் கெடும் என்று துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறாள். துணியில் ரத்தம் இருந்தது, உதட்டைக் கடித்த ரத்தம். அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு, பயம், இன்ஸ்பெக்டர், வேலை எல்லாம் மறந்துபோயிற்று.

"சார், வெளிய போங்க" என்றேன். மேலதிகாரியிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. பேச்சிமுத்து நொண்டிக்கொண்டே வெளியே போனான். செல்லக்கிளி மட்டும் கம்பளியை உதறி எழுந்து, "நான் வெந்நி வைக்கேன்" என்று அடுப்பைப் பற்ற வைத்தாள். பெரியம்மை கண்ட பிள்ளை.

வெளியே மழை. கங்காணியின் குடைக்குள் இன்ஸ்பெக்டர், அவர்களுக்குப் பின்னால் பாதி நனைந்தபடி பேச்சிமுத்து, கழற்றி வைத்த பூட்ஸ் நிறையத் தண்ணீர். கதவிடுக்கு வழியாக நான் பார்த்த காட்சி அது. பிள்ளை தலை திரும்பி, கொஞ்சம் பாடுபடுத்தி, ஒருவழியாகப் பிறந்தது. பெண் குழந்தை. பிறந்ததும் போட்ட சத்தத்தில் தெரிந்தது, இது கங்காணிக்கே மறுசத்தம் கொடுக்கும் என்று.

இன்ஸ்பெக்டர் குழந்தையை எட்டிப் பார்த்தார். சிவந்த விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். பிறகு லயமே கேட்கும்படி சொன்னார்.

"இது வசூரி அல்ல, கேட்டோ. பெரியம்மை அல்ல. வெறும் சொறி. பட்சே சொறி பரவும். பிரசவமும் கழிஞ்சு. அதுகொண்டு ஞான் சொல்லும் வரை இந்த வீட்டை விட்டு ஒராளும் இறங்கக் கூடாது. ஹெல்த் டிபார்ட்மெண்டின்டெ உத்தரவு!"

ஜீப்பில் ஏறும்போது என்னை மட்டும் கூப்பிட்டு, "இனி இங்ஙனெ ஒரு காரியம் வந்தால் முன்கூட்டியே சொல்லணும்" என்றார். சொல்வதற்குத்தான் சார் ஓடி வந்தேன் என்றேன். "ஆ, ஓடி வந்தது கண்டு" என்றார். ஈர பூட்ஸோடு போனார். அவரைப் பற்றி நான் அதுவரை பேசியதையெல்லாம் மனசுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. எஸ்டேட் ஆபீசில் அந்த அறையை வேறொரு குடும்பத்துக்கு எழுதினார்கள். அந்தக் குடும்பம் வாசல் வரை வந்தது. "ஆத்தா வந்து இறங்குன வீடு, அதே ஈரத்தோட புள்ளையும் பொறந்திருக்கு. நாங்க எப்படிக் குடியிருக்க?" என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டது. அடுத்த குடும்பமும் அப்படியே. பெரியம்மை இல்லை, சொறிதான் என்று இன்ஸ்பெக்டர் அத்தனை சத்தமாகச் சொன்னாரே என்றால், அவர் மலையாளத்தில் சொன்னது ஆத்தாவுக்கு எப்படிப் பொருந்தும் என்றார்கள். கங்காணி ஆபீசில் போய், அந்த அறைக்கு வேறு ஆள் கிடைக்காது, முருகாயி பேரையே புருஷனுக்குப் பதிலாக எழுதிக்கொள்வதுதான் வழி என்று சொல்லியிருக்கிறார். எழுதினார்கள். முருகாயி கொழுந்துக்கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினாள். பேச்சிமுத்து வீட்டில் சோறாக்கினான், நன்றாகவே ஆக்கினான்.

கைக்குழந்தைக்கு அம்மைப்பால், அதுதான் அம்மைத் தடுப்பூசி, வைக்கப் போன அன்று முருகாயியிடம் சொன்னேன். "எல்லாத்தையும் விட, அந்த வேப்பிலையை எப்படிப் புடிச்சீங்களோ, அதுதானுங்க உங்க கெட்டிக்காரத்தனம்."

"நாங்களா? நாங்க எங்கம்மா போனோம்? படியத் தாண்ட விட்டாரா அந்த மனுசன்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று சாயங்காலம் கொழுந்து எடை போடும் இடத்தில் கங்காணியைப் பிடித்தேன்.

"கங்காணி ஐயா, அந்த இலையை மாத்தினது நீங்களா?"

அவர் யாரும் பக்கத்தில் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார். "கீழ போடியில இருந்து அரிசி ஏத்திட்டு வர்ற லாரிக்காரன்ட்ட சொல்லிவிட்டேன். ஒரு கட்டுக் கொண்டாந்தான்."

"அப்ப, அது சில்வர் ஓக்குன்னு..."

"ஏம்மா, எங்க அப்பன் காலத்துல இருந்து அந்த மரத்துக்குக் கவாத்து பாக்கிற எனக்கா தெரியாது? மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சும் ஏனுங்க உக்காந்தீங்க?"

"ஆபீஸ்ல போயி, மாசமா இருக்கா, பாவமா இருக்குன்னு சொன்னா, என் கோட்டைக் கழட்டிட்டு அனுப்பிருவாக. ஆத்தா வந்திருக்கான்னு சொன்னா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாக. எனக்கும் சொல்லுறதுக்கு ஒண்ணு வேணும்ல?"

அதுவரைக்கும் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது என் சாமர்த்தியம்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரை அந்தப் பெட்டியில் உட்கார வைத்தது நான் என்று. அவர் உட்கார இடம் தேடிக்கொண்டுதான் அந்த மழையில் பத்தடி தள்ளி நின்றிருக்கிறார்.

குடையை விரித்துக்கொண்டு நாலடி போனவர் திரும்பினார். இந்தத் தடவை நிஜமாகவே கோபமாக இருந்தது அவர் முகம்.

"ஆனா ஒண்ணு நர்ஸம்மா. அந்தப் பேச்சிமுத்துப் பயல்ட்ட சொல்லி வைங்க. பொய் சொல்லுறவன் கொஞ்சம் பாத்துச் சொல்லணும். அதை நம்புறதுக்குன்னு வாசல்ல ஒருத்தன் உக்காந்திருக்கான்ல, அவனுக்கும் ஒரு மானம் மருவாதி வேண்டாமா?"